முதலில் பதவுரை சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒரே பக்கத்தில் மேலே ஒரு மருத்துவக் கட்டுரையும் கீழே ஒரு கலைப்படம் பற்றிய விமர்சனமும் வந்திருந்தன. இரண்டையும் இரண்டு முறை படித்தேன். இரண்டும் எனக்குப் புரியவில்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் இதோடு நிறுத்தினால் ஏதோ எரிச்சலில் எழுதியதாகப் போய்விடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு வயிற்றில் வலி இருந்து ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டை மாலையிலேயே கையில் கொடுத்துவிட்டார்கள், டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் நேரம் கிடைத்தது. நடுவில் ஒரு முழு ராத்திரி. கல்லீரலுக்கு நேராக 'அன்ரிமார்க்கபிள்' என்று போட்டிருந்தது. குறிப்பிடும்படியாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றுதானே அர்த்தம், ஒரு பிள்ளையின் படிப்பைப் பற்றி அப்படி எழுதினால் அது பாராட்டா என்று அக்கா கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சிறுநீரகத்துக்கு நேராக 'லீஷன்' என்று ஒரு சொல், பக்கத்தில் மில்லிமீட்டரில் ஓர் அளவு. போனில் தேடிப் பார்த்தோம், முதலில் வந்ததெல்லாம் புற்றுநோய் பற்றிய பக்கங்கள். அப்புறம் அக்கா போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். இருவரும் தூங்கவில்லை.

மறுநாள் டாக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். அன்ரிமார்க்கபிள் என்றால் எழுதும்படியான குறை எதுவும் அங்கே இல்லை என்று பொருளாம், அதாவது நல்ல செய்தி. லீஷன் என்றால் சுற்றியுள்ள சதையிலிருந்து வேறாகத் தெரிகிற எந்த இடத்தையும் அப்படித்தான் சொல்வார்களாம், பழைய தழும்பும் லீஷன்தான், புண்ணும் லீஷன்தான். அக்காவுக்கு இருந்தது சாதாரண நீர்க்கட்டி, வயதானால் சிறுநீரகத்தில் பலருக்கும் வருவது, அதற்கு வைத்தியமே வேண்டாம் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அக்கா அழுதாள். பயம் போன அழுகைதான், ஆனாலும் அந்த அழுகைக்கு என்ன தேவை இருந்தது? ரிப்போர்ட்டின் கடைசியில் சாதாரண மொழியில் இரண்டு வரி இருந்திருந்தால் அந்த ராத்திரியே இருந்திருக்காது.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட சொற்களை நான் கவனித்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மருத்துவத்தில் பல சொற்கள் நம் பேச்சு வழக்குக்கு நேர்மாறாக இருக்கின்றன. பரிசோதனை 'நெகட்டிவ்' என்றால் பெரும்பாலும் நிம்மதி, 'பாசிட்டிவ்' என்றால் கவலை. 'புரொகிரசிவ்' என்றால் முன்னேற்றம் என்று நாம் நினைப்போம், ஆனால் நோய்க்கு அந்தச் சொல் வந்தால் நோய்தான் முன்னேறுகிறது, நோயாளி அல்ல. 'ஸ்டேபிள்' என்றால் நிலைமை மாறாமல் இருக்கிறது என்றுதான் பொருள், மோசமான நிலையும் மாறாமல் இருக்கலாம், ஆனால் வெளியே காத்திருக்கிற வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டு ஆபத்து நீங்கிவிட்டது என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறார்கள். 'இடியோபதிக்' என்று ஒன்று இருக்கிறது, கிரேக்கத்திலிருந்து வந்த சொல், அது நோயின் பெயரில் சேர்ந்துவிட்டால் பெரிய வியாதி போல் கேட்கிறது, அதன் பொருள் காரணம் தெரியவில்லை என்பதுதான். காரணம் தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் நேராகச் சொன்னால் நமக்கு அவர் மீது மரியாதை குறையாது, எனக்கு இன்னும் கூடும்.

துறைச்சொல்லே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தொழில் இருந்தால் அதற்கென்று சொல் இருக்கத்தான் செய்யும். நன்னூல் இதற்குக் குழூஉக்குறி என்று பெயரே வைத்திருக்கிறது. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்த உதாரணங்கள்தான். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சொல் என்று அந்தப் பெயரிலேயே எல்லை இருக்கிறது. தங்களுக்குள் என்பதுதான் முக்கியம்.

சில இடங்களில் துறைச்சொல் உயிரையே காப்பாற்றுகிறது. 1977 மார்ச் மாதம் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, வானொலியில் குறுக்கீடு என்று பல காரணங்கள் சேர்ந்து நடந்த விபத்து அது, ஆனால் அதில் சொல்லுக்கும் பங்கு உண்டு. ஒரு விமானத்திலிருந்து இப்போது 'டேக் ஆஃப்' நிலையில் இருக்கிறோம் என்ற பொருளில் ஒரு செய்தி போனது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் அதைப் புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார், உண்மையில் விமானம் ஓட ஆரம்பித்திருந்தது. அதற்குப் பிறகுதான் 'டேக் ஆஃப்' என்ற சொல்லை மேலே எழும்ப அனுமதி கொடுக்கும்போதோ அந்த அனுமதியை ரத்து செய்யும்போதோ மட்டும்தான் சொல்ல வேண்டும், மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்' என்று சொல்ல வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் இருக்க வேண்டும் என்று எத்தனை உயிர் கொடுத்துக் கற்றிருக்கிறார்கள் பாருங்கள். அந்தச் சொல்லை நான் குறை சொல்லவே மாட்டேன். ஏனென்றால் பேசுகிறவர், கேட்கிறவர் இருவரும் அதைப் படித்தவர்கள். சொல் அவர்களை விட்டு வெளியே வந்து, படிக்காத என் கையில் ஒரு தாளாக வந்து விழும்போதுதான் சிக்கல்.

இதில் நானும் தவறு செய்திருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். கடன் கணக்குகளைப் பார்க்கிற வேலையில் பல வருடம் இருந்தேன். ஒருநாள் ஒருவர் வந்து தன் கடன் என்ன ஆயிற்று என்று கேட்டார். கணக்கைப் பார்த்துவிட்டு "உங்க கணக்கை ரைட் ஆஃப் பண்ணியாச்சு சார்" என்றேன். அவர் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஏன் நன்றி சொன்னார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். ரைட் ஆஃப் என்றால் அந்தக் கடன் திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லாததால் கொடுத்தவர் தன் சொத்துக் கணக்கிலிருந்து அதை எடுத்துவிடுகிறார், அவ்வளவுதான். வாங்கியவருடைய பாக்கி அப்படியே இருக்கும், வசூலும் தொடரும். கட்ட வேண்டியதில்லை என்று உண்மையிலேயே விட்டுக்கொடுப்பதற்கு 'வெய்வர்' என்று வேறு சொல் இருக்கிறது. அவர் தன் கடன் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். சில மாதம் கழித்து நோட்டீஸ் போய், அதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். "நீங்கதானே சொன்னீங்க" என்றார். நான் பொய் சொல்லவில்லை, என் சொல்லில் தவறு இல்லை. ஆனாலும் அவர் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. உங்கள் செய்தித்தாளிலும் இந்த இரண்டுக்கும் 'தள்ளுபடி' என்ற ஒரே சொல்லைத்தான் போடுகிறீர்கள், தயவுசெய்து அதை மாற்றுங்கள். ஒன்று கணக்கேட்டிலிருந்து நீக்குவது, இன்னொன்று கடனையே விட்டுவிடுவது. இரண்டு சொல் போட்டால் இன்னொருவர் அப்படி நோட்டீஸோடு வந்து நிற்க வேண்டியிருக்காது.

சரி, சினிமாவுக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தோழி அழைத்து ஒரு திரையிடலுக்குப் போனேன். படத்தின் பெயர் வேண்டாம், படத்தின் மீது எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஒரு பெண் பாழடைந்த வீட்டுக்கு வருகிறாள். கிணற்றில் கயிறு இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு மேல் அதைத்தான் பார்த்தோம். ஒரு வெள்ளைக் குதிரை அறைக்குள் நிற்கிறது. எங்கோ மணி அடிக்கிறது. அவள் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை. முடிந்து விளக்கு போட்டதும் எனக்குத் தோன்றியது என்ன என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. புரியவில்லை, ஆனால் அந்தக் கயிறு மனசை விட்டுப் போகவில்லை. அப்பா இறந்த பிறகு பழைய வீட்டைக் காலி செய்யப் போன நாள் ஏனோ ஞாபகம் வந்தது. கலந்துரையாடல் இருக்கிறது என்றார்கள், ஆர்வமாக உட்கார்ந்தேன், அந்தக் கயிற்றைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று.

முக்கால் மணி நேரம் பேசினார்கள். பிரதி, கட்டுடைப்பு, பெருங்கதையாடல், விளிம்பு, மற்றமை, தொன்மப் படிமம். குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கிணறு என்ற சொல்லே வரவில்லை, அந்தப் பெண்ணைப் பற்றிக்கூட இல்லை. ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறவனாக இருக்கலாம், எழுந்து "எனக்குப் படம் புரியல, அந்தக் குதிரை எதுக்கு வருது" என்று கேட்டான். மேடையில் இருந்தவர் "இன்னும் நிறைய படம் பாருங்க தம்பி, பார்வை முதிரணும்" என்றார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். பையன் உட்கார்ந்துவிட்டான். அந்தக் கேள்விதான் எனக்கும் இருந்தது, என்னைச் சுற்றி இருந்த பாதிப் பேருக்கும் இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அந்தப் பையனுக்காகவாவது எழுந்து நின்றிருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது தோழி பக்கத்தில் நடந்துகொண்டே ஒன்று சொன்னாள். அந்தக் கூட்டத்தில் யாரோ 'டயஜெடிக்' என்று ஒரு சொல் சொன்னார்கள் அல்லவா, அதற்குப் படத்தில் இருக்கிற ஆட்களின் காதிலும் விழுகிற சத்தம் என்று பொருள், பின்னணி இசை நமக்கு மட்டும்தான் கேட்கும், கதவு திறக்கிற சத்தம் அவர்களுக்கும் கேட்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள். எனக்கு அங்கேயே நடை நின்றுவிட்டது. அப்படியானால் அந்த மணி? அந்த மணிச்சத்தம் அந்தப் பெண்ணுக்குக் கேட்டதா? கேட்டும் திரும்பாமல் இருந்தாளா, அல்லது நமக்கு மட்டும் கேட்டதா? முதலாவது என்றால் அவள் அந்த வீட்டில் இருக்கிற எதையும் இனி ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தவள். இரண்டாவது என்றால் அவளுக்கு இன்னும் தெரியாத ஒன்று நமக்கு முன்கூட்டியே தெரிகிறது. இரண்டும் வேறு வேறு படம்! அந்த ஒரு சொல்லை அந்த முக்கால் மணி நேரத்தில் அரை நிமிடம் நிறுத்தி விளக்கியிருந்தால் அரங்கமே பேசியிருக்கும். 'மிஸ் ஆன் சேன்' என்பதும் அப்படித்தான், நாடக மேடையிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல், கேமராவின் முன்னால் என்னென்ன இருக்கிறது, எது எங்கே நிற்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். நல்ல சொற்கள்தான், பார்ப்பதற்கு உதவுகிற சொற்கள். அவற்றை ஏன் சாவி போலக் கொடுக்காமல் பூட்டு போலத் தொங்கவிடுகிறார்கள்?

புரியாத படம் எடுப்பவர்கள் எல்லோரும் பார்வையாளரை மதிக்காதவர்கள் என்று முன்பு நினைத்திருக்கிறேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 'மிரர்' என்ற படத்தை 1975இல் வெளியிட்டபோது அவருக்கு வந்த கடிதங்களைத் தன் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே கொடுத்திருக்கிறார். ஒருவர் படத்தைப் புரிந்துகொள்ள முயன்று முயன்று தலைவலி வந்ததாக எழுதியிருக்கிறார். இன்னொரு பெண்மணி என் குழந்தைப் பருவம் இப்படித்தான் இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். திட்டிய கடிதத்தையும் மறைக்காமல் போட்டார் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. அவர் படங்களில் மழை ஏன் பெய்துகொண்டே இருக்கிறது, அது எதன் குறியீடு என்று ஆளாளுக்குக் கேட்டபோது, நான் வளர்ந்த நிலத்தில் நிறைய மழை என்பதுபோலத்தான் பதில் சொன்னார். படத்தில் வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு மறைபொருள் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவதை அவர் விரும்பவே இல்லை. 1929இல் இயக்குநர் புனுவலும் ஓவியர் டாலியும் சேர்ந்து எடுத்த 'ஆண்டலூசிய நாய்' என்ற சிறிய படத்தில் அதைவிட ஒரு படி மேலே போய், அறிவுக்கு எட்டுகிற விளக்கம் எதற்கும் இடம் கொடுக்கிற காட்சியே வேண்டாம் என்று விதி வைத்துக்கொண்டு எழுதினார்களாம். ஆக, எடுத்தவரே விளக்கம் இல்லை என்று சொன்ன படத்தைப் பார்த்துப் புரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அவருக்குப் பார்வை முதிரவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

குறியீடு நமக்குப் புதிதும் இல்லை. சங்கப் பாட்டில் உள்ளுறை என்று இருக்கிறது, வெளியே ஒன்றைச் சொல்லி உள்ளே இன்னொன்றை வைப்பது. குறுந்தொகையின் எட்டாவது பாட்டில், வயல் ஓரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழுந்த பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிற ஊரைச் சேர்ந்தவன் என்று தலைவனைப் பற்றிப் பரத்தை பேசுகிறாள். மேலோட்டமாக ஊர் வருணனை. ஆனால் மீன் மரத்தில் ஏறிப் பழத்தைப் பறிக்கவில்லை, பழம்தான் தானாக வந்து விழுந்தது, நாங்கள் அவனைத் தேடிப் போகவில்லை, அவனேதான் வந்தான் என்று அவள் சொல்லாமல் சொல்கிறாள் என்று பொருள் கொள்வார்கள். எவ்வளவு நுட்பம்! இதை நான் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. உரை எழுதினவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் விஷயம். முதலில் பதவுரை, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரான பொருள். அப்புறம் பொழிப்புரை, முழுப் பாட்டின் கருத்து. அதற்குப் பிறகுதான் உள்ளே இருப்பதை எடுத்து வைப்பார்கள். வாளை என்றால் என்ன என்று தெரியாதவனிடம் யாரும் உள்ளுறையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. படிக்கிறவனுக்குத் தெரியாது என்பதை ஒரு குற்றமாகவே அவர்கள் நினைக்கவில்லை, தெரியாது என்பதால்தானே உரை.

விமர்சனம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பதும் அதுதான். திரையில் என்ன தெரிந்தது, என்ன கேட்டது என்று முதல் இரண்டு பத்தியில் எழுதுங்கள். கிணறு, கயிறு, குதிரை. அப்புறம் நீங்கள் எவ்வளவு ஆழம் போனாலும் பின்னாலேயே வருகிறோம். உங்களுக்கே ஒரு காட்சி பிடிபடவில்லை என்றால் பிடிபடவில்லை என்றே எழுதுங்கள். கனமான சொற்களை அடுக்கிவிட்டால் ஆழம் வந்துவிடாது என்பதற்கு 1996இல் நடந்தது ஒன்று போதும். ஆலன் சோகல் என்ற இயற்பியல் பேராசிரியர் வேண்டுமென்றே பொருளற்ற வாக்கியங்களைத் துறைச்சொற்களால் நிரப்பி ஒரு கட்டுரை எழுதி 'சோஷியல் டெக்ஸ்ட்' என்ற ஆய்விதழுக்கு அனுப்பினார், அவர்கள் அதைப் பிரசுரித்தும் விட்டார்கள், பிறகு அவரேதான் உண்மையை வெளியே சொன்னார். அவர் செய்த முறை சரியா என்று இன்றும் வாதம் இருக்கிறது, அது எப்படியோ போகட்டும். புரியவில்லை என்று சொல்ல அந்த மேசையில் ஒருவருக்குத் துணிச்சல் இருந்திருந்தால் அந்தக் கட்டுரை அச்சாகியிருக்காது. கூச்சம் வாசகருக்கு மட்டும் இல்லை, ஆசிரியர் நாற்காலியில் இருப்பவருக்கும் வரும் போலிருக்கிறது. உங்களுக்கு வராமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மருத்துவக் கட்டுரைக்கும் வணிகப் பக்கத்துக்கும் என் கோரிக்கை இன்னும் அழுத்தமானது. படம் எனக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டதில்லை, பிடிக்காவிட்டால் எழுந்து வரலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டிலிருந்து எழுந்து வர முடியாது, அது என் உடம்பு. கடன் பத்திரத்தில் கையெழுத்து என்னுடையது, காப்பீட்டில் எது சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பது என் வீட்டைப் பற்றி. ஆகவே ஒரு துறைச்சொல் கட்டுரையில் முதல் முறை வருகிற இடத்திலேயே, அடிக்குறிப்பில் இல்லாமல் அந்த வாக்கியத்திலேயே, அதன் பொருளைச் சொல்லிவிடுங்கள். எழுதுகிற நிபுணர் அனுப்பாவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு சொல் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டாலும் நல்லது, 'ரைட் ஆஃப்' என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அக்காவுக்கு அடுத்த மாதம் மறுபடியும் ஸ்கேன் இருக்கிறது. இந்த முறை ரிப்போர்ட் வாங்குகிற இடத்திலேயே, இதை எங்களுக்குப் படித்துச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம், இல்லை என்றால் டாக்டரைப் பார்க்கிற நாள்வரை கவரைப் பிரிப்பதில்லை. அதே வாரம் இன்னொரு திரையிடலும் இருக்கிறது, தோழியோடு போகிறேன். அந்தப் பையன் வந்தால் அவன் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருவேன். போன படத்தின் மணி அந்தப் பெண்ணுக்குக் கேட்டதா இல்லையா என்று அவனிடம் முதலில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி